சுவருக்குள் கிடக்கும் பழைய தொலைபேசிக் கம்பி: வீட்டு இணையத்துக்கு உதவுமா?

இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட நமது வீடுகளில், கூடத்துச் சுவரிலோ படுக்கையறைக் கட்டிலுக்கு அருகிலோ ஒரு சிறிய வெள்ளைப் பெட்டி மஞ்சள் பாய்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். தொலைபேசி செருகும் பெட்டி அது. பெருநாள் தொழுகை முடிந்ததும் வீடே அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ அழைப்பு வரும். உம்மா முதலில் பேசுவார், பிறகு வரிசை. இன்று அதில் எதையும் செருகுவோர் இல்லை. அழைப்பெல்லாம் கைப்பேசிக்குப் போய்விட்டது, இணையம் ஃபைபரில் வந்துவிட்டது.

ஆனால் ஃபைபர் வந்து நிற்பது வாசலறையோடு. அங்கே வைத்த வைஃபை பெட்டியின் அலை, பின்கட்டுக்கோ மாடி அறைக்கோ போய்ச் சேர்வதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நீண்டு செல்லும் வீடு, முழங்கை அகலச் சுவர்கள், ஒன்றன் பின் ஒன்றாக அறைகள். பிள்ளை பின்னறையில் பாடம் கேட்க உட்கார்ந்தால் படம் உறைந்து நிற்கும். வாசலறையில் உட்காரச் சொன்னால் வருவோர் போவோர் சத்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், "சுவரை உடைத்துத்தான் கேபிள் போட வேண்டும்" என்பார். அதே பின்னறையின் சுவரில்தான் அந்த மஞ்சள் பெட்டியும் இருக்கிறது. வாசலறையிலிருந்து அதுவரை ஒரு கம்பி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கம்பியில் இணையத்தை அனுப்ப முடியுமா? பல வீடுகளில் முடியும். சில வீடுகளில் முடியாது. சில வீடுகளில் முயன்றால் கருவி கெட்டுப்போகும், ஆளுக்கே ஆபத்தும் உண்டு. நமது வீடு இவற்றில் எது என்று அறிய, அந்தக் கம்பி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சுக்குத் தேவைப்பட்டது சிறு பங்கு

தொலைபேசிக் கம்பி என்பது இரண்டு மெல்லிய செப்புக் கம்பிகள், அவ்வளவுதான். அவை ஒன்றையொன்று சுற்றி முறுக்கப்பட்டிருக்கும். அந்த முறுக்கு அழகுக்காகப் போட்டதல்ல. பக்கத்தில் ஓடும் மின்கம்பியோ வேறொரு தொலைபேசி இணைப்போ எழுப்பும் இரைச்சல், இரு கம்பிகளில் எது அருகில் இருக்கிறதோ அதில் கூடுதலாக ஏறும். இரண்டையும் முறுக்கிவிட்டால் ஒரு முறுக்கில் இது அருகில், அடுத்த முறுக்கில் அது அருகில் என்று மாறி மாறி வந்து, இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும். மறுமுனையில் இருக்கும் கருவி இரு கம்பிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்ப்பதால் சமமாக ஏறியது கழிந்துவிடும். தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லே 1881-இல் இதற்கும் காப்புரிமை பெற்றார். இன்று கடையில் நாம் வாங்கும் விலையுயர்ந்த லேன் கேபிளும் இதே முறுக்கை நம்பித்தான் நிற்கிறது.

மனிதப் பேச்சு புரிவதற்கு 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி போதும் என்று தொலைபேசித் துறை முடிவு செய்தது. அதற்கு மேலுள்ளதை நிலையத்துக் கருவிகள் வெட்டிவிடும். தொலைபேசியில் 'ஸ'வும் 'ஃப'வும் குழம்புவதன் காரணம் அதுதான். பெயரைச் சொல்லும்போது எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டி வந்ததும் அதனால்தான். ஆனால் இந்த வரம்பு கம்பியின் வரம்பு அல்ல. பெரிய கிணறு நிறையத் தண்ணீர் இருக்க, நாம் ஒரு செம்பு மட்டும் மொண்டு குடித்துக்கொண்டிருந்தோம். நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே போயிற்று.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் மூலம் வந்தது. அப்போதைய மோடம், கணினியின் தகவலைப் பேச்சு போன்ற ஒலியாக மாற்றி, அதே ஒரு செம்பு இடத்துக்குள் திணித்து அனுப்பியது. அந்தக் கீச்சுச் சத்தத்தை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொலைபேசி நிலையம் நமது குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்களில் எழுதும். மொத்தம் 64 கேபிபிஎஸ். ஆகவே மோடம் எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. 56 கேபிபிஎஸ் என்ற எண்ணோடு மோடம்கள் நின்றுபோனது இதனால்தான். மோடம் ஓடும்போது தொலைபேசி 'பிஸி'யாக இருக்கும் என்பது தனிச் சங்கடம். பிள்ளை இணையத்தில் இருக்கும் நேரம் பார்த்து வாப்பா ரியாத்திலிருந்து அழைப்பார். அன்றைக்கு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு வந்ததுதான் டிஎஸ்எல். பேச்சைக் கீழே 4 கிலோஹெர்ட்ஸுக்குள் விட்டுவிட்டு, அதற்கு மேல் கம்பியில் காலியாகக் கிடந்த இடத்தைப் பயன்படுத்தும் முறை இது. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜோசப் லெக்லைடர், வீடுகளுக்கு வரும் திசையில் அதிக வேகமும் போகும் திசையில் குறைந்த வேகமும் கொடுத்தால் கம்பி கூடுதலாகச் சுமக்கும் என்று காட்டினார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சியோஃபி, காலி இடத்தைச் சிறு சிறு பாதைகளாகப் பிரிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். ஏடிஎஸ்எல்லில் ஏறத்தாழ 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடம் 256 பாதைகளாகப் பிரிக்கப்படுகிறது. மோடம் இயங்கத் தொடங்கியதும் ஒவ்வொரு பாதையையும் தட்டிப் பார்க்கும். நன்றாக இருக்கும் பாதையில் அதிகச் சுமை ஏற்றும், இரைச்சல் உள்ளதில் குறைவாக ஏற்றும், மத்திய அலை வானொலி குறுக்கிடும் பாதையை விட்டே விடும். மோடத்தின் விளக்கு ஒரு நிமிடம் சிமிட்டிக்கொண்டே இருந்து பிறகு நிலையாக எரிந்ததை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்த நேரத்தில் நடந்த வேலை இதுதான்.

இந்திய அரசின் 2004-ஆம் ஆண்டு கொள்கைப்படி, 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட். அடுத்த ஆண்டு பிஎஸ்என்எல் அந்தச் சேவையைத் தொடங்கியபோது எந்தத் தெருவிலும் புதிய கம்பி புதைக்கப்படவில்லை. நிலையத்தில் ஒரு கருவி, வீட்டில் ஒரு மோடம், பேச்சையும் தகவலையும் பிரிக்கும் சிறு பெட்டியான ஸ்பிளிட்டர். இடையில் இருந்தது பழைய கம்பியேதான்.

இந்த ஏற்பாட்டின் எதிரி தூரம். அலைவரிசை உயர உயரக் கம்பியில் அது சீக்கிரம் தேய்ந்துபோகும். ஏடிஎஸ்எல்2+ முறையில் நிலையத்துக்கு அருகில் இருப்பவருக்கு 20 எம்பிபிஎஸுக்கு மேல் கிடைக்கலாம். ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஓரிரு எம்பிபிஎஸ் கிடைத்தாலே பெரிது. ஒரே பணம் கட்டிய இரு வீடுகளுக்கு வேறு வேறு வேகம் கிடைத்ததற்கு அதிகாரிகளின் பாரபட்சத்தைவிட இதுவே பெரிய காரணம். அடுத்து வந்த விடிஎஸ்எல்2 பொதுவாக 17 மெகாஹெர்ட்ஸ் வரையும், 2014-இல் தரநிலையான ஜி.ஃபாஸ்ட் 106 மெகாஹெர்ட்ஸ் வரையும் ஏறின. முன்னது சில நூறு மீட்டரில் 100 எம்பிபிஎஸ் வரை தரும். பின்னது நூறு மீட்டருக்குள் பல நூறு எம்பிபிஎஸ் தரும். அதே செப்புக் கம்பிதான், தூரம்தான் சுருங்கியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1900-ஐ ஒட்டி, நீண்ட தூர இணைப்புகளில் குரல் தெளிவாகக் கேட்பதற்காகக் கம்பியில் சுமார் 1,800 மீட்டருக்கு ஒன்றாகச் சுருள்களைப் பொருத்தும் வழக்கம் வந்தது. பேச்சுக்கு அது அருமருந்து. ஆனால் பேச்சுக்கு மேலான அலைவரிசையை அது அடியோடு மறித்துவிடும். டிஎஸ்எல் காலத்தில் பல நாடுகளில் அந்தச் சுருள்களைத் தேடித் தேடி அகற்ற வேண்டியதாயிற்று.

நமது வீட்டுக்குள் வாசலறைக்கும் பின்னறைக்கும் எவ்வளவு தூரம்? பெரிய வீடானாலும் முப்பது, நாற்பது மீட்டர். தூரம் என்ற எதிரி இங்கே இல்லை. நமக்குத் தொல்லை தரக்கூடியவை கம்பியின் வகையும் அதை இணைத்த விதமும்தான்.

லேன் கேபிள் எங்கிருந்து வந்தது?

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட், தொடக்கத்தில் விரல் தடிமன் உள்ள கோஆக்சியல் கேபிளில் ஓடியது. அதை அலுவலகம் முழுவதும் இழுப்பது செலவும் சிரமமும் பிடித்த வேலை. ஆனால் எந்த அமெரிக்க அலுவலகத்திலும் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு தொலைபேசிக் கம்பி ஏற்கெனவே வந்திருந்தது. எல்லாக் கம்பிகளும் ஒரு சிற்றறையில் போய்ச் சேர்ந்தன. ஏடி அண்ட் டி நிறுவனம் 1980-களின் நடுவில் 'ஸ்டார்லேன்' என்ற பெயரில் அந்தக் கம்பிகளிலேயே 1 எம்பிபிஎஸ் அனுப்பியது. 1990-இல் 10 எம்பிபிஎஸ் வேகத்துக்குத் தரநிலை வந்தது. அதன் பிறகு கோஆக்சியல் மெல்ல மறைந்தது.

இன்றும் லேன் கேபிளின் செருகியில் அந்தப் பூர்விகம் தெரிகிறது. எட்டு ஊசிகளில் 1, 2, 3, 6 ஆகியவற்றில்தான் 10, 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் ஓடுகிறது. நடுவிலுள்ள 4, 5 ஏன் விடப்பட்டன? தொலைபேசி அந்த நடு ஊசிகளில் ஓடியது. ஒரே கேபிளில் இரண்டும் போகட்டும் என்று ஒதுக்கினார்கள். நீல-வெள்ளை, ஆரஞ்சு-வெள்ளை, பச்சை-வெள்ளை, பழுப்பு-வெள்ளை என்ற லேன் கேபிளின் நிறங்களும் தொலைபேசிக் கேபிளின் நிற வரிசையே. நமது ஊர் லைன்மேன்கள் பில்லரிலும் டிபி பெட்டியிலும் இதே நிறங்களைப் பார்த்துத்தான் இணைப்புக் கொடுத்தார்கள். ஆகவே தொலைபேசிக் கம்பியில் இணையம் என்பது குறுக்கு வழியல்ல. லேன் கேபிளே தொலைபேசிக் கம்பியின் பேரப்பிள்ளைதான்.

வீடுகளுக்காகவும் இந்த முயற்சி நடந்தது. 1998-இல் தொடங்கிய 'ஹோம்பிஎன்ஏ' என்ற நிறுவனக் கூட்டமைப்பு, வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் கணினிகளை இணைக்கத் தரநிலைகள் வகுத்தது. பேச்சு கீழே, ஏடிஎஸ்எல் நடுவே, வீட்டுப் பின்னல் அதற்கும் மேலே என ஒரே கம்பியில் மூன்று அடுக்கு. முதலில் 1 எம்பிபிஎஸ், பிறகு 10, பிறகு 100-ஐத் தாண்டியது. ஆனால் அதே காலத்தில் வைஃபை வந்து மக்கள் மனத்தைக் கவர்ந்துவிட்டதால் அது வீடுகளில் பெரிதாகப் பரவவில்லை. அந்த மரபில் இன்று நிற்பது 'ஜி.எச்.என்' என்ற உலகத் தரநிலை. தொலைபேசிக் கம்பி, மின்கம்பி, டிவி கேபிள் மூன்றிலும் ஓடக்கூடியது.

பெட்டியைத் திறந்து பாருங்கள்

பொதுப்பட 'முடியும், முடியாது' என்று பேசிக்கொண்டிருப்பதைவிட, ஒரு திருப்புளியை எடுத்து அந்த மஞ்சள் பெட்டியைத் திறப்பது மேல். ஆனால் திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்பில் எப்போதும் 48 வோல்ட் அளவில் நேர்மின்னோட்ட அழுத்தம் இருக்கும். மணி அடிக்கும்போது 75 வோல்ட்டோ அதற்கு மேலோ மாறுமின்னோட்டம் வரும். ஈரக் கையோடு தொட்டால் நன்றாக அடிக்கும். லேன் கருவியைத் தெரியாமல் அதில் இணைத்தால் அதன் வாய் பொசுங்கிவிடும். "லைன் செத்துப் பல வருஷமாச்சு" என்பதை நம்ப வேண்டாம். பேச்சு வராத இணைப்பிலும் மின்னழுத்தம் இருக்கலாம். வெளிக் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதை முழுவதுமாகக் கழற்றி, முனைகளை இன்சுலேஷன் டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு, மல்டிமீட்டரால் பார்த்து, அதன் பிறகே வேலை. அந்த வெளிக் கம்பி நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால் அதை வெட்டவும் கூடாது. இணைப்பு இன்னும் உங்கள் பெயரில் நடப்பில் இருந்தால் முதலில் முறைப்படி ஒப்படைத்துவிடுவது நல்லது.

பெட்டிக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்குச் சோடிகளாகத் தெரிகின்றனவா? அப்படியென்றால் கம்பி போட்டவர் தொலைபேசிக்காக லேன் கேபிளையே இழுத்திருக்கிறார். 2000-க்குப் பிறகு கட்டப்பட்ட பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில், இங்கும் வளைகுடாவிலும், இது நடந்திருக்கிறது. இரண்டு கம்பியை மட்டும் பெட்டியில் இணைத்துவிட்டு மீதி ஆறையும் சுருட்டிச் சுவருக்குள் தள்ளியிருப்பார்கள். உறையின் மேல் 'கேட் 5' அல்லது 'கேட் 5இ' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை முடிந்தது போலத்தான். இருமுனையிலும் எட்டு ஊசி லேன் சாக்கெட் மாட்டி, ஒரே நிற வரிசையில் இணைத்தால் நொடிக்கு ஒரு கிகாபிட் வேகம் கிடைக்கும். செலவு இரண்டு சாக்கெட்டும் ஒரு மணி நேர வேலையும்தான்.

நான்கு கம்பிகள், இரண்டு முறுக்குச் சோடிகள் என்றால் அடுத்த நிலை. ஒரு சோடியை 1, 2 ஊசிகளிலும் மற்றொன்றை 3, 6 ஊசிகளிலும் இணைத்தால் 10 எம்பிபிஎஸ் பெரும்பாலும் ஓடும். தூரம் குறைந்து முறுக்கு நன்றாக இருந்தால் 100-உம் ஓடும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இன்றைய கருவிகளெல்லாம் கிகாபிட் கருவிகள். இரண்டும் முதல் இரு சோடிகள் வழியாகவே பேசிக்கொண்டு, "நீயும் கிகாபிட், நானும் கிகாபிட்" என்று முடிவு செய்துவிடும். பிறகு மீதி இரு சோடிகளைத் தேடும். அவை இல்லாததால் இணைப்பே எழாமல் போகலாம். விளக்கு எரியாததைப் பார்த்து, கம்பி உதவாது என்று கைவிட்டுவிடுவார்கள். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் வேகத்தை 100 என்று கைப்பட நிறுத்தினாலோ, நடுவில் பழைய 100 எம்பிபிஎஸ் சுவிட்ச் ஒன்றை வைத்தாலோ வேலை செய்யும். வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய சுவிட்சை எறிந்துவிடாதீர்கள்.

பெரும்பாலான நமது வீடுகளில் இருப்பது மூன்றாவது வகை: இரண்டே கம்பிகள். இதில் சாதாரண லேன் ஓடாது. தொலைபேசிச் செருகியை லேன் செருகியாக மாற்றும் சிறு பிளாஸ்டிக் துண்டு ஒன்று ஆன்லைன் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அது செருகியின் உருவத்தைத்தான் மாற்றும், வேறெதையும் மாற்றாது. அதை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். இரண்டு கம்பிக்கு, இரு முனையிலும் மின்சாரத்தில் இயங்கும் மாற்றிக் கருவி வேண்டும். ஒன்று, விடிஎஸ்எல் முறையில் இயங்கும் ஈதர்நெட் எக்ஸ்டெண்டர். ஒரு முனையில் தலைமைக் கருவி, மறுமுனையில் துணைக் கருவி என்று சோடியாக வரும். மற்றொன்று, தொலைபேசிக் கம்பிக்கான ஜி.எச்.என் மாற்றி, இது கூடுதல் வேகம் தரும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. போவதும் வருவதும் சேர்ந்த மொத்தத்தை, அதுவும் மிக நல்ல கம்பியில் கிடைக்கும் உச்சத்தைத்தான் அச்சிடுகிறார்கள். பாதியில் தாராளமாக ஒரு பகுதியைக் கழித்துவிட்டு எதிர்பார்ப்பது நல்லது. ஆனாலும் கணக்குப் பாருங்கள்: பாடம் கேட்கும் பிள்ளைக்கு நல்ல தரத்தில் காணொளி ஓட 3, 4 எம்பிபிஎஸ் போதும். பின்னறைக்கு 40 எம்பிபிஎஸ் நிலையாக வந்து, அங்கே ஒரு சிறு வைஃபை பெட்டியை வைத்தால் அந்தப் பகுதி முழுவதுக்கும் அது தாராளம்.

இந்த இரு கம்பியும் முறுக்கில்லாமல் தட்டையாகப் பக்கம் பக்கமாக ஓடும் வகையாக இருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முறுக்கு இல்லாத கம்பி ஏரியல் போல நடந்துகொள்ளும்; மோட்டார் ஓடினால், மிக்சி ஓடினால் இணைப்பு ஆட்டம் காணும். வாங்குவதற்கு முன், திருப்பிக் கொடுக்கும் வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இணைத்த விதம். தொலைபேசிக்கு எங்கே வேண்டுமானாலும் கிளை பிரிக்கலாம். வாசலறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து மாடி, நடுவில் சமையற்கட்டுக்கு ஒரு கிளை என்று எலக்ட்ரீஷியன் கோத்துக்கொண்டே போயிருப்பார். பேச்சுக்கு அதில் குறையில்லை. உயர்ந்த அலைவரிசைக்கோ ஒவ்வொரு கிளையும் முட்டுச்சந்து. சமிக்ஞை அதற்குள் போய், முனையில் மோதித் திரும்பி, சற்றுத் தாமதமாக வந்து அசலோடு கலக்கும். காலி மண்டபத்தில் பேசும்போது எதிரொலி பேச்சைக் குழப்புவதைப் போல. ஆகவே எல்லாப் பெட்டிகளையும் திறந்து, வேண்டிய இரு இடங்களுக்கு மட்டும் ஒரே நேர்க்கோடாகக் கம்பியை இணைத்து, மற்றக் கிளைகளைக் கழற்றிவிட வேண்டும். பச்சை பூத்த முனைகளை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்து இணையுங்கள். வேகம் வரவில்லை என்று கருவியைக் குறை சொல்லும் இடங்களில் பாதிக்கு மேல் குற்றவாளி இந்தக் கிளைகளும் களிம்பேறிய முனைகளும்தான் என்பது நமது கணிப்பு.

எங்கே கூடாது?

தொலைபேசிக் கம்பியும் 230 வோல்ட் மின்கம்பியும் ஒரே குழாயில் ஓடும் வீடுகள் நம்மிடையே உண்டு. செலவை மிச்சப்படுத்த அப்படிச் செய்துவிட்டார்கள். அந்தக் கம்பியைத் தொடாதீர்கள். பழைய உறை எங்காவது உரிந்திருந்தால் வீட்டு மின்சாரம் முழுவதும் லேன் கருவிக்கு வரும். அதைத் தொடுபவர் பிள்ளையாகத்தான் இருப்பார்.

அதேபோல் இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஓடும் செப்புக் கம்பி. பள்ளிவாசலிலிருந்து மதரஸா விடுதிக்கு, முன்வீட்டிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு என்று இன்டர்காமுக்காகப் போட்ட கம்பி இருக்கும். தூரம் குறைவு, மாற்றிக் கருவி நன்றாகவே ஓடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் ஒரே இரவில் இரு முனைக் கருவிகளும் போய்விடும். நேரடியாக இடி விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே கம்பியில் அழுத்தம் ஏறும். இரு கட்டடத்து எர்த்தும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது இன்னொரு வில்லங்கம். கட்டடம் விட்டுக் கட்டடம் போவதற்கு ஃபைபரே சரி. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. அதன் விலையும் இன்று எட்டாத உயரத்தில் இல்லை.

அடுக்குமாடிகளில் கீழ்த்தளப் பெட்டியிலிருந்து உங்கள் வீடு வரை ஏறிவரும் கம்பி உங்களுடையது அல்ல. அதில் லிஃப்டின் அவசரத் தொலைபேசியோ பக்கத்து வீட்டின் இணைப்போ ஓடிக்கொண்டிருக்கலாம். வீட்டு வாசலுக்கு உள்ளே இருப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; வெளியே போவதானால் சங்கத்தாரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் கழற்றிய ஒரு கம்பி யாருடைய வீட்டு மணியை நிறுத்தும் என்று நமக்குத் தெரியாது.

பேச்சுக்கே திரும்பக் கொடுக்கலாம்

இணையத்துக்கு உதவாத கம்பியும் வீணல்ல. ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டியின் பின்புறம் தொலைபேசிக்கென்று ஒரு சிறு வாய் இருக்கும். வெளிக் கம்பியை முன்பு சொன்னபடி கழற்றிவிட்டு, அந்த வாயிலிருந்து ஒரு கம்பியைப் பழைய சுவர்ப் பெட்டியில் செருகினால், வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிப் பெட்டிகளுக்கும் மீண்டும் உயிர் வரும். கைப்பேசித் திரையைத் தடவிப் பழகாத உம்மா, மூமாவின் கட்டிலருகில் ஒரு பழைய பட்டன் தொலைபேசியை வைக்கலாம். எண் தெரிந்தால் போதும், அவர்களே பேசிக்கொள்வார்கள்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பழைய செப்பு இணைப்புக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்தின் பேட்டரியிலிருந்து வந்தது. ஊரே இருண்டாலும் தொலைபேசி பேசும். ஃபைபர் பெட்டிக்கு நமது வீட்டு மின்சாரம் வேண்டும். பிரிட்டனில் பழைய தொலைபேசிச் சேவை முழுவதையும் 2027 ஜனவரிக்குள் நிறுத்துவதென்று முடிவாகியிருக்கிறது. முதலில் 2025 முடிவுக்கு வைத்த அந்தக் கெடுவைத் தள்ளிப்போட்டதற்கு, கழுத்தில் அவசர அழைப்புப் பொத்தான் அணிந்து தனியே வாழும் முதியோரின் நிலை முக்கியக் காரணம். அங்கு பெற்றோரை வைத்திருப்பவர்கள், அந்தப் பொத்தான் புதிய இணைப்பில் வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொள்வது அவசியம். இங்கே நமக்கு, ஃபைபர் பெட்டிக்கென்று விற்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று போதும்.

கம்பியைவிடக் குழாய்

இவ்வளவும் சொன்ன பிறகு, பலருக்கு நாம் சொல்லக்கூடிய வழி வேறொன்று. அந்தப் பழைய கம்பி சுவருக்குள் பிவிசி குழாயில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டிக்குள் குழாயின் வாய் தெரியும். கம்பியின் ஒரு முனையை ஒருவர் மெல்ல இழுக்கும்போது, மறுமுனை அசைந்தால் அது தடையின்றி ஓடும் குழாய். அப்படியென்றால் சுவரை உடைக்க வேண்டியதும் இல்லை, இரண்டு மாற்றிக் கருவி வாங்க வேண்டியதும் இல்லை. பழைய கம்பியையே கயிறாக வைத்துப் புதிய கேட் 6 கேபிளை இழுத்துவிடலாம். பூச்சுக்குள் நேரடியாகப் பதித்த கம்பி அசையாது. அந்த வீடுகளுக்குத்தான் எக்ஸ்டெண்டரும் ஜி.எச்.என்னும்.

இழுக்கும்போது இருவர் வேண்டும். புதிய கேபிளின் உறையைச் சிறிது உரித்து, அதன் கம்பிகளைப் பழைய கம்பியோடு பின்னி, முடிச்சு துருத்தாதபடி டேப்பைச் சாய்வாகச் சுற்ற வேண்டும். ஒருவர் இந்தப் பக்கம் கேபிளை வளையாமல் ஊட்ட, மற்றவர் அந்தப் பக்கம் நிதானமாக இழுப்பார். வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு குழாயின் வளைவில் அறுந்துபோகும், பிறகு அதில் எதையும் நுழைக்க முடியாது. வளைவு அதிகம் என்றால் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவலாம். கேபிளோடு ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து இழுத்து, அதைக் குழாய்க்குள்ளேயே விட்டுவிடச் சொல்லுங்கள். பத்து ஆண்டு கழித்து வேறொரு கேபிள் வரும்போது அது உதவும்.